இருதய நோயாளியும் இல்லத்துப் பணிவிடையும்



நோயுற்றவரைக் கண்டு நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் சிறுவயதிலேயே மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். ஆனால் போன இடத்தில் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்பதை நமக்கு எவரும் கற்பித்ததில்லை. ஆகையால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு டின் மைலோவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு நாலு பேராகப் போகிறோம். கட்டிலைச் சுற்றி உட்காருகிறோம். "எங்கள் மச்சானுக்கும் இப்படித்தான் நெஞ்சு வலித்தது, மூன்றாம் நாளே மௌத்தாகிவிட்டார்" என்று நோயாளியின் காதில் விழும்படியே பேசுகிறோம். தேநீர் குடித்துவிட்டுக் கடமை முடிந்ததென்று திரும்பிவிடுகிறோம். நோயாளியோ, நாம் வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, நாம் சொன்னதற்குப் பயப்படுவதா என்று தெரியாமல் படுத்திருக்கிறார்.

இம்மாதப் பாடம் இந்தக் குறையைப் பற்றியது. இருதய நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வீடு வந்தபின் அவருக்குச் செய்யவேண்டிய பணிவிடை எது, அதில் தாதியின் வேலை என்ன, நம்முடைய பங்கு என்ன என்பதைச் சற்று நிதானமாகக் கவனிப்போம்.

1. ஏன் இந்தப் பாடம்?

நம் நாட்டில் மக்களை அதிகமாகக் கொண்டுபோகும் வியாதிகளுள் ஒன்று இருதய இரத்தக் குழாய் அடைப்பாகும். 2022-ஆம் ஆண்டில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் நூற்றுக்கு 16.1 இதனால் நேர்ந்தவை என்று மலேசியப் புள்ளிவிவர இலாகா கணக்குக் காட்டியது. 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 29.2 பேருக்கு இரத்த அழுத்தமும், 15.6 பேருக்கு நீரிழிவும், 33.3 பேருக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகுதியும் இருந்தன. நீரிழிவு இந்தியரிடையே மற்ற இனத்தவரைக் காட்டிலும் அதிகம். மேல்நாட்டாருக்கு மாரடைப்பு வரும் வயதைவிட நம் நாட்டாருக்கு இளவயதிலேயே வந்துவிடுகிறது. பேரப்பிள்ளையைக் கண்டபின் வரவேண்டிய நோய், பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே வருகிறது. அப்போது சாய்வது ஒரு மனிதர் மாத்திரமன்று. ஒரு குடும்பத்தின் உலையும் சேர்ந்தே அவிகிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோய் சற்று அடங்கிய இருதய நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தவணை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனால் டாக்டரின் முன் உட்காருவது பத்து நிமிஷம். வருஷத்துக்கு நான்கு தவணை. ஆக நாற்பது நிமிஷம். மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே இருக்கிறார்? வீட்டில், வேலையில், அடுப்பங்கரைக்குப் பக்கத்தில், சாப்பாட்டுக் கடையில். மருந்து உள்ளே போகிறதா இல்லையா, உப்பு எவ்வளவு, இரவில் மூச்சு முட்டுகிறதா, மனம் உடைந்திருக்கிறாரா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. நாற்பது நிமிஷத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். மீதி வருஷத்தை யார் பார்த்துக்கொள்வது?

2. கெடாவின் பழைய வழியும் புதிய நிலையும்

கெடாவில் இக்கேள்விக்கு முன்பு ஒருவிதமான விடை இருந்தது. பீடோங், பாடாங் சிராய், கூலிம் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் டிரஸ்ஸர் ஒருவர் இருப்பார். பெரிய தோட்டங்களில் சிறிய ஆஸ்பத்திரியும் உண்டு. அந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். எல்லா நோய்க்கும் ஒரே கலவை மருந்தென்று ஜனங்கள் கேலி செய்ததும் உண்டு. ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. பெரட்டுக்கு வராதவன் யார், எந்த லயத்தில் எவர் படுத்திருக்கிறார் என்பது அன்றைக்கே டிரஸ்ஸருக்குத் தெரியும்.

மலாய்க் கம்பங்களுக்கும் இப்படி ஒரு வழி ஏற்பட்டது. 1950-களில் நம் கெடாவிலேயே, ஜித்ராவில், கிராம சுகாதாரப் பயிற்சி நிலையம் நடந்தது. அங்கே பயின்ற தாதியரும் மருத்துவச்சிகளும் கம்பங்களுக்குச் சென்று வீடு வீடாகத் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் நோயாளியிடம் போவது என்ற முறை நம் மாநிலத்துக்குப் புதிதன்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. லயத்தில் கூடி வாழ்ந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் சிதறின. பிள்ளைகள் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகள் முன்னைவிடப் பெரியவை. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும், அலோர் ஸ்டாரில் 2007-இல் புதிய இடத்தில் எழுந்த சுல்தானா பஹியா மருத்துவமனையும் நமக்குண்டு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருந்தும் கிடைக்கிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர் இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு எழவில்லை என்பதை அறிய அன்று ஒரு டிரஸ்ஸர் இருந்தார். இன்று அநேக இடங்களில் எவருமில்லை.

நெஞ்சு நோய் வந்தவர் வாழ்வு அத்தோடு முடிந்தது என்று எண்ணுவது பெரும் பிழை. அலோர் ஸ்டாரில் பிறந்து, 1957-இல் அவ்வூரிலேயே சொந்தக் கிளினிக் திறந்து வைத்தியம் பார்த்த டாக்டர் மகாதீர் முகமது அவர்கள், 1989-இல் மாரடைப்புக் கண்டு இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2007-இல் மறுபடியும் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் 2018-இல் தமது 92-ஆம் வயதில் மீண்டும் பிரதமர் பதவி ஏற்றார். 2025 ஜூலையில் நூறு வயதை எட்டினார். அரசியலில் எவர் எக்கட்சியாயினும் இதில் ஒரு படிப்பினை உண்டு. ஆனால் அவரைக் கவனிக்க வைத்தியர்கள் அருகிலேயே இருந்தார்கள். பாடாங் சிராயில் தனியே இருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறோம்.

3. தாதி கேட்ட கேள்வி

சுங்கை பட்டாணிப் பக்கத்தில் நாம் நலம் விசாரிக்கச் சென்ற ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் மூடியபின் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குப் போனார். இருதயம் பலவீனப்பட்டு உடம்பில் நீர் கோக்கும் வியாதி அவருக்கு. நான்கு மாதத்தில் இருமுறை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். "மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று எல்லாரும் கடிந்துகொண்டார்கள். மகள் அழுதாள். நாமும் நம் பங்குக்கு உபதேசம் செய்தோம். எல்லாருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "சரிங்க, சாப்பிடுறேங்க."

கிளினிக்கில் ஒரு மலாய்த் தாதி இருந்தார். அவர் உபதேசம் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், காலையில் எத்தனை மணிக்கு வேலை? நீங்கள் நிற்கும் கேட்டுக்கும் கழிவறைக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை கேட்டை விட்டு அகலக்கூடாது. கழிவறை கட்டடத்தின் மறுகோடியில். நீர் மாத்திரை போட்டால் அரைமணிக்கு ஒருமுறை போகவேண்டும். ஒருநாள் அடக்க முடியாமல் உடுப்பு நனைந்துவிட்டது. அன்றுமுதல் வேலை நாளில் அந்த மாத்திரையை மட்டும் அவர் தொடுவதில்லை. மகளிடம் இதை எப்படிச் சொல்வது?

தாதி டாக்டரிடம் போய்ப் பேசினார். நீர் மாத்திரையை வேலை முடிந்து வீடு வந்தபின் சாப்பிடும்படி டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பெரியவர் தவறாமல் சாப்பிடலானார், மூச்சும் இளகியது. மருந்து அதே மருந்துதான், செலவும் ஒன்றுமில்லை. ஒரு மனிதரின் வெட்கத்தை மதித்துக் கேட்ட ஒரு கேள்விதான் அதிகப்படி. நாம் உபதேசம் செய்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்று அன்று நமக்கு நாணமாக இருந்தது.

இத்தகைய பணிவிடைக்கு நம் சரித்திரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மதீனாவில் ருஃபைதா அல்-அஸ்லமிய்யா (ரலி) என்னும் அம்மையார் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தவர். கி.பி. 627-இல் நடந்த அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் அடிக்கப்பட்டிருந்த அவரது கூடாரத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டார்கள். ஜனங்கள் வந்துபோகும் பாதையிலேயே நோயாளிக்கு இடம் அமைந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

4. இதனால் பலனுண்டா?

"விசாரிப்பதால் நோய் தீருமா?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. விடை ஆராய்ச்சியில் இருக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 70 வயதும் அதற்கு மேலுமான 282 இருதயப் பலவீன நோயாளரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு அதனுடன் தாதி ஒருவரின் போதனை, உணவு ஆலோசனை, மருந்துகளைச் சீராக்குதல், வீடு சென்று பார்த்தல், தொலைபேசி விசாரிப்பு ஆகியவை. 90 நாளில் முதற்பிரிவார் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 94 தடவை; இரண்டாம் பிரிவார் 53 தடவைதான். இது 1995-இல் வெளியாயிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. மலேசியாவிலும் தென் அமெரிக்காவின் கொலம்பியாவிலும் 30 ஊர்களில், இரத்த அழுத்தம் அடங்காத 1,371 பேரிடம் 'ஹோப் 4' என்ற ஆராய்ச்சி நடந்தது. சில ஊர்களில் டாக்டரல்லாத சுகாதார ஊழியர்கள், டாக்டரின் மேற்பார்வையில், மக்களைத் தேடிச் சென்று கவனித்தார்கள். மருந்து இலவசம். முக்கியமானது மூன்றாவது அம்சம்: ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்பத்தாரிலோ நண்பரிலோ ஒருவர் துணைவராக நியமிக்கப்பட்டார். ஓராண்டு முடிவில், இந்தக் கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு 69 பேருக்கு அழுத்தம் அடங்கியிருந்தது. பெறாதவர்களில் 30 பேருக்குத்தான். 2019-இல் இம்முடிவு வெளிவந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பணக்கார தேசத்துச் செய்தியல்ல இது. நம் நாட்டு மக்களிடமே கண்ட பலன்.

தாய்நாட்டைப் பார்த்தாலும் இதே வழிதான். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளிலும், படுக்கையிலிருக்கும் நோயாளியை இல்லம் சென்று பார்க்கும் சேவை உண்டு. தேவைப்படுவோர் கிளினிக்கில் கேட்கவேண்டும்; கேளாதவருக்கு இருப்பதே தெரிவதில்லை.

5. நலம் விசாரிக்கப் போகுமுன் கற்கவேண்டிய ஆறு

நாம் தாதியல்ல, டாக்டருமல்ல. எனினும் கண்ணும் காதும் நமக்குண்டு. கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கப் பழகினால், நாம் போய்வந்த ஒவ்வொரு வீட்டிலும் தாதியின் வேலை பாதி முடிந்திருக்கும்.

முதலாவது, எடை. இருதயம் பலவீனமானவர் தினந்தோறும் காலையில் கழிவறை சென்று வந்தபின், பசியாறுமுன், ஒரேவிதமான உடுப்பில் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கால் வீங்குமுன்பே எடை சொல்லிவிடும். அன்றே கிளினிக்குக்குத் தெரிவிக்கவேண்டும். கல்யாண வீட்டுக்கு மொய் எழுதும் நாம், ஒரு நோயாளிக்கு எடை பார்க்கும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் மைலோ டின்னைவிட அது உதவும்.

இரண்டாவது, தலையணை. "இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முன்பு ஒன்று வைத்தவர் இப்போது மூன்று வைத்தால், அல்லது நாற்காலியில் சாய்ந்தே தூங்கினால், நுரையீரலில் நீர் சேர்கிறது என்பது குறிப்பு. நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலண்டை போய் நிற்பதும் அதுவே.

மூன்றாவது, காலும் நடையும். கணுக்காலைக் கட்டைவிரலால் சற்று அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறதா? சூராவுக்கோ கடைக்கோ நடந்துபோகும்போது சென்ற மாதம் நிற்காமல் போனவர், இம்மாதம் எத்தனை இடத்தில் நிற்கிறார்?

நான்காவது, மருந்துப் பை. நம் வீடுகளில் மருந்துகள் பிளாஸ்டிக் பையொன்றில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்து, இரண்டையும் சாப்பிடுவோர் உண்டு. பையோடு கிளினிக்குக்கு அழைத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை அதன் கறுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே வைக்கவேண்டும். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்தால் வீரியம் போய்விடும். புட்டி திறந்த தேதியை மேலே எழுதி, சுமார் எட்டு வாரமானால் புதியது வாங்கவேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பல உடம்பில் நீரைத் தேக்கும். "அடைப்பை நீக்கும்" என்று கைத்தொலைபேசியில் சுற்றிவரும் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைக் கஷாயம் அடைத்த குழாயைத் திறந்ததாக நிரூபணம் ஏதுமில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஐந்தாவது, அடுப்பங்கரை. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குள், அதாவது ஐந்து கிராமுக்குள், போதுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் கறியில் போடும் உப்பை மட்டும் எண்ணுகிறோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான், கீச்சாப், பாக்கெட் மீ ஆகியவற்றிலுள்ள உப்பை எண்ணுவதில்லை. நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றி வெள்ளமாகச் சாப்பிடுவது நம்மவர் ருசி. அந்த வெள்ளம் இருதய நோயாளியின் காலில் வீக்கமாக வந்து நிற்கும். சோறு வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. குழம்பு ஒன்று, அதுவும் ஓரமாகக் கொஞ்சம் என்று சொல்லிப் பழகலாம். வீட்டில் சமைப்பவரை உட்காரவைத்துப் பேசாமல் நோயாளியிடம் மட்டும் உப்பைக் குறை என்று சொல்வதால் பலனில்லை. புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை கொண்டு ருசி கூட்டும் கை நம் பெண்மக்களுக்கு உண்டு.

ஆறாவது, மனம். மாரடைப்புக் கண்டவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. அவர் அழமாட்டார். தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பார், மருந்து எதற்கு என்பார், ஜும்ஆவுக்கு வரமாட்டார். வேலைக்குப் போகலாமா, மாடி ஏறலாமா, மனைவியுடன் முன்போல் வாழலாமா என்ற ஐயங்கள் உள்ளே கிடந்து அரிக்கும். இவை கேட்கக்கூடாத கேள்விகளல்ல. தவணையின்போது டாக்டரிடமோ தாதியிடமோ கேட்கும்படி தைரியம் கொடுங்கள். இன்னொருவரையும் மறக்கவேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து உட்காருகிறாரே அந்த அம்மையார், அவரிடமும், "உம்மா, நீங்கள் தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அவரும் படுத்துவிட்டால் அவ்வீட்டில் தாதி இல்லை.

6. நோன்பும் விரதமும்

ரமலான் வருமுன்பே, குறைந்தது ஆறு வாரத்துக்கு முன், இருதய நோயாளி தம் டாக்டரைக் கண்டு பேசவேண்டும். நோய் அடங்கிச் சீராயிருக்கும் பலர், மருந்து வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி நோன்பு நோற்க இயலும். சமீபத்தில் மாரடைப்புக் கண்டவரும், மூச்சு முட்டும் நிலையிலுள்ளவரும் நோற்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பதை ஈமானின் குறைவாக எண்ணி ஒரு வயதானவரை நாம் பார்வையாலும் பேச்சாலும் வற்புறுத்துவோமானால், அதற்கு நாமே பொறுப்பாளி. இஃப்தாரில் பொரித்த பண்டமும் ரோஸ் சிரப் தண்ணீரும் வயிறு முட்ட ஏற்றுவதும் அன்றிரவே மூச்சுமுட்டலில் கொண்டுவிடக்கூடும். தோட்டத்திலும் தாமானிலும் நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் இந்துச் சகோதரர்கள். தைப்பூச விரதகாலத்தில் அவர்களிடமும் இதே வார்த்தையைச் சொல்லலாம். இப்பணியில் நம்மவர், பிறர் என்ற பேதமில்லை.

7. தாமதிக்கக் கூடாத வேளை

நெஞ்சின் நடுவே அழுத்துவதுபோல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் குறிகள். பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். நம்மவர் செய்யும் பெரும்பிழை, இதை "காஸ்ட்ரிக்", "வாயு" என்று சொல்லிக் கோடாரித் தைலம் தேய்த்து விடியும்வரை காத்திருப்பதுதான். நாக்கின் கீழ் மாத்திரை உள்ளவர் உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்கவேண்டும். ஐந்து நிமிஷத்தில் வலி தீராவிட்டால் 999-ஐ அழைக்கவேண்டும். அந்த மாத்திரை இல்லாதவர் உடனே அழைக்கவேண்டும். நோயாளி தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாகாது. பேச்சு மூச்சின்றி விழுந்தவருக்கு, உதவி வரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வேகமாக, ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். இதைப் படித்து அறிவதைவிடச் செய்து பழகுவதே மேல்.

8. நாம் செய்யக்கூடியது

ஹோப் 4 ஆராய்ச்சியில் நோயாளிக்கு ஒரு துணைவர் என்று கண்டோமல்லவா? நம் அங்கத்தினருள் அதைச் செய்வது கடினமன்று. அருகிலுள்ள ஓர் இருதய நோயாளியை ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறை நேரில் காண்பது. நடுவில் ஒருமுறை தொலைபேசியில் பேசுவது. தவணை நாளை நம் காலண்டரிலும் குறித்துக்கொண்டு, கார் உள்ளவர் அழைத்துச் செல்வது. தூரத்து ஆஸ்பத்திரியில் எழுதிய மருந்தின் மீதித் தவணைகளை வீட்டுக்கு அருகேயுள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே பெற வழியுண்டு. மருந்துக் கவுண்டரில் கேட்டுப் பதிவு செய்துகொடுப்பதும் துணைவரின் வேலை. ஒருநாள் கூலியை இழந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவருக்கு இது சிறிய உதவியல்ல.

எல்லைகளையும் அறிந்திருக்கவேண்டும். மருந்தின் அளவை நாம் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நம் வீட்டு மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. நோயாளி சொன்னதைத் தேநீர்க் கடையில் பேசக் கூடாது. அந்த ஜாகாப் பெரியவர் தம் உடுப்பு நனைந்த சேதியை மகளுக்கே சொல்லாதவர். அதைக் கேட்கும் உரிமை, வாயைக் கட்டிக் காப்பவருக்கே உண்டு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமுன் அங்கத்தினர் கீழ்க்கண்டவற்றுக்கு விடை தேடி வருக:

(அ) உங்கள் தெருவில் அல்லது தோட்டத்தில் இருதய நோயாளர் எத்தனை பேர்? அவர்களில் தனியே இருப்பவர் யார்?

(ஆ) மூன்று நாளில் எடை எவ்வளவு ஏறினால் கிளினிக்குக்குத் தெரிவிக்கவேண்டும்? ஏன்?

(இ) உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் உப்பு மறைந்திருக்கும் பண்டங்கள் எவை? எழுதிக்கொண்டு வாருங்கள்.

(ஈ) மருந்து சாப்பிடாத ஒருவரை நீங்கள் கடைசியாகக் கடிந்துகொண்டது எப்போது? அவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி எது?

நான்காவது கேள்விக்கு விடையைக் கூட்டத்தில் சொல்லவேண்டியதில்லை. அந்த மனிதரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.